மலையில் இராத்தங்கல் ஊருக்குள் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் இதே பகுதியில் திண்டுக்கல் வாசகர் ஒருவர், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் மலையில் அலைவது வேலையற்ற வெளிநாட்டுக்காரர்களின் பழக்கம் என்றும், அதைப் பார்த்து நம் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்றும், மலையில் இரவு தங்குவதையே அடியோடு தடை செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். நான் தையற்காரன், வெட்டுவதைத் தவறாக நினைக்க மாட்டேன்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் 1981 முதல் கடை வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் பள்ளிச் சீருடையும் ஸ்வெட்டருக்குக் கழுத்துப் பட்டியும் தைத்தேன். மலையில் நடக்க வந்தவர்கள் அறுந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதால் மெல்ல மெல்லப் பை தைப்பவன் ஆனேன். தோள்பட்டை பிய்ந்த பை, ஜிப் ரன்னர் பல்லை விட்டு விலகிய பை, எலி கடித்த டென்ட், அடியில் தேய்ந்து ஓட்டையான ரக்சாக் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் கால் மிஷினுக்குக் கீழே இவைதான் கிடக்கின்றன. ஒருவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினால் அவர் மலையில் எப்படி நடந்திருப்பார் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

முதலில் அந்த 'வெளிநாட்டுப் பழக்கம்' என்ற சொல். ஐயா, கார்த்திகை பிறந்தால் என் கடையில் இருமுடிப் பை தைக்கும் வேலை தொடங்கிவிடும். நான் தொழுவது பள்ளிவாசலில். ஆனால் இருமுடி தைக்காமல் ஒரு கார்த்திகையும் எனக்குக் கழிந்ததில்லை. அந்தப் பையின் அமைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? முன்முடியில் சாமிக்கு உரியது, நெய்த் தேங்காய். பின்முடியில் நடப்பவனுடைய அரிசி, பருப்பு, வழிச் சாப்பாடு. இரண்டு அறை, நடுவில் தலை, இரண்டு பக்கமும் எடை சமம். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை ஏறிப் பெருவழியில் காட்டுக்குள் நடந்தவர்கள் அந்தச் சுமையோடுதான் நடந்தார்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நாள்கணக்கில் நடந்து வருகிறது. எந்த ஊரில் காலைப் பலகாரம், எந்த ஊரில் இராத்தங்கல், எந்த மடத்தில் அன்னதானம் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்த ஒழுங்கு. சுமையோடு பல நாள் நடப்பதை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நாம் மறந்தது இரவு எங்கே தங்குவது என்பதைத்தான்.

இந்த மலைக்கே வருகிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில்தான் மோட்டார் சாலை கொடைக்கானலை எட்டியது. அதற்கு முன்னால் பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இறங்கி அங்கிருந்து நடந்தோ டோலியிலோதான் மேலே வர வேண்டும். என் மனைவியின் பாட்டனார் டோலி தூக்கியவர். கீழே வேர்வையோடு தொடங்கி மேலே நடுங்கிக்கொண்டு முடிக்கும் வேலை என்று அவர் சொல்வாராம். அது சரியான கணக்குதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் உயர வித்தியாசம். அதாவது ஒரே நடையில் பெரியகுளத்துப் பங்குனியும் இங்கத்து மார்கழியும் பார்த்துவிடலாம். இன்றைக்குப் பை கட்டி வருகிற பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

போன மாசி மாதத்தில் ஒரு பையன் வந்தான். சென்னைப் பக்கம், கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இணையத்தில் வாங்கிய பை. தோள்பட்டை முதுகோடு சேரும் இடத்தில் பிய்ந்திருந்தது. "அண்ணே, ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுங்கள், மூன்று நாள் நடை போகிறோம்" என்றான். என் கடை உத்தரத்தில் பூண்டு எடைபோடும் ஸ்பிரிங் தராசு ஒன்று தொங்குகிறது. பூம்பாறைக்காரர் ஒருவர் பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனது. அதில் பையை மாட்டினேன். 22 கிலோ. பையனின் எடை என்னவென்று கேட்டேன், 55 என்றான். நான் சிரித்துவிட்டேன், அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒருவன் தன் எடையில் கால் பங்குக்கு மேல் முதுகில் ஏற்றிக்கொண்டு மலையேறக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது. அந்தப் பையனுக்குப் பதினோரு கிலோவிலிருந்து பதினான்கு வரை. பையைக் கொட்டச் சொன்னேன். இரண்டு ஜீன்ஸ், ஒரு கம்பளி, பாட்டுப் பெட்டி, டப்பாவில் அடைத்த பழம், ஆறு லிட்டர் தண்ணீர், ஒரு சிறு கோடாரி. கோடாரி எதற்கு என்று கேட்டேன். "விறகுக்கு" என்றான். சோலைக்குள் விறகு வெட்டினால் வனத்துறை வழக்குப் போடும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தரையில் விரிக்கப் பாய் மட்டும் இல்லை. உடம்புச் சூட்டை முதலில் குடிப்பது தரைதான். மேலே எத்தனை போர்த்தினாலும் கீழே ஒன்றும் இல்லையென்றால் விடியும் வரை நடுக்கம்தான்.

தொழில் பேச்சுக்கு மன்னிக்க வேண்டும், ஆனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. பையின் எடையைத் தோள் தாங்கக் கூடாது. இடுப்பு தாங்க வேண்டும். நல்ல பையில் இடுப்புப் பட்டை இரண்டு விரல் தடிமனுக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கும். அதை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டிய பிறகுதான் தோள்பட்டையை இழுக்க வேண்டும். கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் கனத்தைப் போட்டால் பை பின்னுக்கு இழுக்கும். இறக்கத்தில் ஆளைக் கவிழ்க்கும். மலிவுப் பைகளில் இடுப்புப் பட்டை என்ற பெயரில் ஒரு வெறும் நாடாதான் தொங்கும். எடை முழுக்கத் தோளில் ஏறும். தோள்பட்டையை வைத்துத் தைத்திருக்கும் இடத்தில் ஒற்றைத் தையல்தான் இருக்கும். அங்கே சதுரமாகப் பெட்டித் தையல் போட்டு, குறுக்கே பெருக்கல் குறியாக ஓட்டி, பதினெட்டாம் எண் ஊசியில் நைலான் நூல் கோத்து அடிக்க வேண்டும். பருத்தி நூல் மழையில் ஊறி இரண்டு வருடத்தில் மக்கிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் பை உள்ளே வெள்ளையாகப் பொருக்கு உதிர்க்கிறதென்றால் அதன் மழைப் பூச்சு செத்துவிட்டது என்று பொருள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. கடையில் பை வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர்.

அன்று அந்தப் பையனை ஒன்பது கிலோவைக் கடையில் இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மூன்று நாள் நடை என்றானே, எங்கே என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை. "அனுமதியெல்லாம் கிடைக்காது அண்ணே. பேரிஜம் ஏரிப் பக்கம் ஓர் ஆள் உள்ளே கூட்டிப்போவார். செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே காட்டுக்குள் இறங்கிவிடுவோம்."

இங்கே சற்று நிற்க வேண்டும். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்தது தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள் காய்ந்த புல்மேட்டில் தீக்குள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். புல்லில் பிடித்த தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது எந்த மனிதனாலும் அதை முந்த முடியாது. அந்த வாரம் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் தன் நீலநிறப் பையை என்னிடம் ஜிப் மாற்றக் கொடுத்துவிட்டு, "நண்பன் பையை வாங்கிக்கொண்டு தேனிப் பக்கம் போகிறேன்" என்று சொல்லிப் போயிருந்தான். தொலைபேசி எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. ரன்னர் மாற்றி ஆணியில் மாட்டிய அந்தப் பையைத் தினமும் காலையில் கதவைத் திறந்ததும் பார்ப்பேன். பத்தொன்பதாம் நாள் வந்தான். காய்ச்சல் வந்து ஊரிலேயே படுத்துவிட்டானாம். அவனிடம் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து யார் பை கொடுத்தாலும் வீட்டு எண்ணை எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு விதிகள் வந்தன. வர வேண்டியவைதான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது வழித்தடங்களை இணையப் பதிவோடு திறந்தது. மலைவாழ் மக்களிலிருந்து இளைஞர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். தீக்காலத்தில் மூடுகிறார்கள். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் அந்த நடைகள் பெரும்பாலும் காலையில் போய் மாலைக்குள் திரும்புபவை. இரண்டு இரவு, மூன்று இரவு நடக்க ஆசைப்படுகிறவனுக்கு நேரான வாசல் இல்லை. வாசல் இல்லாத வீட்டில் சுவரேறிக் குதிப்பார்கள். நான் சொன்ன பையன் குதித்தான். இரண்டாம் நாளே மழையில் நனைந்து திரும்பி வந்து ஒன்பது கிலோவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான் என்பது அவன் அதிர்ஷ்டம்.

திண்டுக்கல் வாசகர் 'அதனால்தான் தடை கேட்கிறேன்' என்பார். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அதற்கு என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். பெருமைப்படும் கதை அல்ல.

1987 ஜனவரி. எனக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டு. நானும் என் மச்சானும் அவருடைய நண்பர் ஒருவரும் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை வழியாகக் கேரளத்து வட்டவடைக்கு நடப்பதென்று புறப்பட்டோம். அங்கே மச்சானின் நண்பருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. பஸ்ஸில் சுற்றிப் போகாமல் நடந்தே போய்விடலாம் என்று எனக்குத்தான் வீராப்பு. நானே கான்வாசில் மூன்று பை தைத்தேன். முதல் இரவு பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு திண்ணையில் படுத்தோம். வீட்டுக்காரர் சாக்கு கொடுத்தார். நன்றாகத் தூங்கினோம்.

இரண்டாம் நாள் கவுஞ்சிக்கு அரை மணி நேரத் தொலைவில் பொழுது சாய்ந்தது. ஊர் விளக்கு தெரிந்தது. மச்சான் ஊருக்குப் போய்விடலாம் என்றார். நான்தான், "காட்டில் ஓர் இரவு படுக்காமல் இதென்ன நடை" என்று சொல்லி, ஓடையோரத்தில் பள்ளமான ஒரு புல்வெளியைத் தேர்ந்தெடுத்துத் தார்ப்பாயை விரித்தேன். காற்றுக்கு மறைவு, பக்கத்தில் தண்ணீர், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உறைபனி முதலில் விழுவது அப்படிப்பட்ட இடத்தில்தான். அந்த வட்டாரத்தில் எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். உருளைக்கிழங்குச் செடி கருகுவது மேட்டுக் காட்டிலா பள்ளக் காட்டிலா என்று அவர்களுக்குத் தெரியாதா?

இரவு இரண்டு மணி இருக்கும். மச்சான் நடுங்கிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். "வேர்க்கிறது" என்றார். நாக்கு குழறியது. புல்லெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளை. அவருடைய பருத்திச் சட்டை பகல் வேர்வையில் நனைந்து காயாமலே இருந்திருக்கிறது. நடுக்கம் நின்றுபோவது நல்ல குறி அல்ல, உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது வெறும் பயம்தான் வழிகாட்டியது. இருவரும் இரு கைக்கும் தோள்கொடுத்து அவரை இழுத்துக்கொண்டு விளக்குத் தெரிந்த திசைக்கு நடந்தோம். அரை மணி நேரத் தொலைவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஓர் அம்மா திறந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உள்ளே அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் தொங்கின. புகை பட்டுக் காய்வதற்காகக் கட்டி வைத்தவை. அடுப்பைக் கிளறினார். ஈரச் சட்டையைக் கழற்றச் சொன்னார். உலர்ந்த கம்பளியைச் சுற்றினார். நான் மச்சானின் கையையும் காலையும் தேய்க்கப் போனேன். "தேய்க்காதீர்கள், சும்மா அணைத்துப் பிடியுங்கள்" என்றார். தெளிவு வந்து விழுங்க முடிந்த பிறகு கருப்பட்டி போட்ட கடுங்காப்பியைச் சிறுகச் சிறுகக் கொடுத்தார். விடியும்போது மச்சான், "அந்தப் பூண்டு வாசனைதான் என்னை எழுப்பியது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அக்காளிடம் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் சில இரவுகளில் யோசிக்கிறேன். பணம் கொடுக்கப் போனபோது அந்த அம்மா வாங்கவில்லை. "ஊர் இருக்கும்போது எதற்கப்பா காட்டில் படுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் தங்கள் நாளிதழ் வழியாக வனத்துறையிடமும் சுற்றுலாத் துறையிடமும், பை கட்டி வரும் பிள்ளைகளிடமும் வைக்க விரும்புகிறேன். பல நாள் நடை இருக்கட்டும். இராத்தங்கல் ஊருக்குள் இருக்கட்டும். டென்ட் வேண்டாம்.

நான் டென்ட் தைத்துப் பிழைத்தவன். என் வாயால் இதைச் சொல்வது என் பிழைப்புக்கு நல்லதில்லை. ஆனால் டென்ட் அடித்த புல்வெளி எப்படி ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். மழைநீர் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டுகிறார்கள். அந்த வாய்க்கால் அடுத்த ஐப்பசி மழையில் ஓடையாகிறது. இந்த மலையில் மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்லும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. அந்தப் புல்லில் பெரும்பகுதியை வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்கள் விழுங்கியாகிவிட்டது. மிஞ்சியதில் நாம் முளை அடிக்க வேண்டாம். உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் இமயமலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு இதே காரணத்தால்தான் தடை விதித்தது. வங்காளத்தில் சந்தக்பூ நடைக்குப் போய்வந்தவர்கள் எனக்குச் சொன்னது வேறு: அங்கே வழிநெடுக விடுதிக் குடில்களும் ஊர்க்காரர் வீடுகளும் இருக்கின்றன, பகல் முழுக்க நடக்கிறார்கள், இரவில் கூரைக்குக் கீழே சூடான சாப்பாடு. சுமையும் குறைகிறது. டென்ட், அடுப்பு, எரிவாயுக் குப்பி, பாத்திரம், மூன்று நாள் அரிசி எதுவும் வேண்டாம். என் தராசில் 22 காட்டிய பை எட்டுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு, சற்றுக் கூச்சமான விஷயம். பேரிஜம் ஏரித் தண்ணீரைத்தான் பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிறார்கள். மேலே திருட்டுத்தனமாக மூன்று இரவு தங்குகிற பத்துப் பேர் காலைக்கடனை எங்கே கழிக்கிறார்கள்? தண்ணீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, அரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும் என்பது நடப்பவர்களின் பழைய பாடம். தோண்டுவதற்கு ஒரு சிறு மண்வாரி வைத்திருந்த பையை என் வாழ்நாளில் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். கோடாரி வைத்திருந்தவை அதைவிட அதிகம். பேரிஜத்துக்கு அப்பால் வந்தரவுப் பக்கம் வரைக்கும் உள்காடு, சரணாலயம், யானையும் காட்டுமாடும் நடமாடும் இடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூணாறுக்குத் தப்பிச் செல்லப் போட்ட பழைய சாலை அங்கே கிடக்கிறது என்பதற்காக அதைத் திறக்கச் சொல்லி ஒரு கூட்டம் கேட்கிறது. நான் கேட்க மாட்டேன். அது மூடியே இருக்கட்டும்.

நான் கேட்பது இரண்டே வழி. ஒன்று, நான் சொன்ன மேல்மலை வழி: கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை. "பஸ் போகிற ஊருக்கு எதற்கு நடக்க வேண்டும்" என்று என் பேரனே கேட்கிறான். பஸ் சாலையில் நடக்கச் சொல்லவில்லை. ஊருக்கும் ஊருக்கும் இடையே பூண்டுக் காடு, கேரட் காடு, ஓடைக்கரை வழியாகப் பழைய ஒற்றையடிப் பாதைகள் உண்டு. காட்டு எல்லைக்குள் விழும் துண்டுகளை வனத்துறை நடந்து பார்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டும். எவனுக்காவது கால் சுளுக்கினால் அரை நாளில் பஸ் கிடைக்கும் என்பது இந்த வழியின் குறை அல்ல, சிறப்பு.

இன்னொன்று, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதை. இன்றைக்கு இதை ஒரே நாளில் ஓட்டமும் நடையுமாக இறங்கி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளகவியில் ஓர் இரவு தங்கினால் அது இரண்டு நாள் நடை. அந்த ஊருக்குள் செருப்போடு நடக்கக் கூடாது. எல்லையில் கழற்றிவிட வேண்டும். கனத்த பூட்ஸின் கயிற்றைக் கழற்றவே பத்து நிமிடம் ஆகிறது என்று ஒருவர் என் கடையில் அலுத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் வெறுங்காலோடு நடக்கும் தெருவில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்றேன். அவர் அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை.

இந்த ஊர்களில் எந்த வீடு விருந்தாளியை ஏற்கும், என்ன வாடகை, என்ன சாப்பாடு என்பதை அந்தந்த ஊர் மகளிர் குழுக்கள் முடிவு செய்யட்டும். ஓர் இரவுக்கு எத்தனை பேர் என்பதையும் அவர்களே சொல்லட்டும். ஊர் தாங்கும் அளவு ஊருக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்னால் அந்த ஊரை விட்டுவிட வேண்டும். வழிகாட்டிகளில் இந்த மலையின் பழங்குடிகளான பளியர் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும். வெளியூர் நிறுவனம் ஒன்று மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, ஊர்க்காரரைப் பாத்திரம் கழுவ வைக்கும் ஏற்பாடாக இது மாறிவிடக் கூடாது. அப்படித்தான் மாறும் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொன்னது பலமுறை பலித்திருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இன்னும் ஒரு சிறு ஆசை. தென்மாவட்டங்களில் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு நட்ட கல், மேலே ஒரு படுக்கைக் கல், தலை உயரம். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள் என்று என் தாயார் சொல்வார். வெள்ளகவி ஏற்றத்தில் இடுப்பு உயரத்தில் நான்கைந்து கல் இப்படிப் போட்டால் போதும். முதுகுப் பைக்காரர் அதில் பையைச் சாய்த்து நிற்பார். அவரைவிட முக்கியமாக, அந்த ஊருக்கு அரிசியும் எரிவாயு உருளையும் சுமந்து போகிறவரும் நிற்பார். சிமென்ட் பெஞ்சு வேண்டாம், நிழற்குடை வேண்டாம், திறப்புவிழாப் பலகை வேண்டவே வேண்டாம்.

காலம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது இங்கே வந்த கூட்டத்தைப் பார்த்தவன் நான். அடுத்தது 2030. கார்களுக்கு நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது. காட்டுக்குள் காலால் இறங்குகிறவனை எந்த இ-பாஸும் நிறுத்தாது. அவன் ஒழுங்காக நடக்க ஒரு பாதையும் படுக்க ஒரு திண்ணையும் அதற்குள் தயாராக வேண்டும்.

நடை தொடங்கும் இடத்தில் ஒரு தராசு தொங்க வேண்டும். எடை கூடினால் இறக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வனத்துறை அப்படி ஓர் இடம் வைத்தால் என் பூண்டுத் தராசை இலவசமாகத் தருகிறேன். வாரத்தில் ஒரு நாள் நானே வந்து உட்கார்ந்து, பிய்ந்த பட்டைகளைத் தைத்துக் கொடுக்கவும் தயார். தை பிறக்கும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை இருமுடி வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
மூஞ்சிக்கல், கொடைக்கானல்.